ரெய்டுக்கு மறுநாள்: வாசகர் கேள்வி – பதில்

"ரெய்டில் எத்தனை பிள்ளைகள் மீட்கப்பட்டார்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மறுநாள் அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை." குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் இப்படி ஒரு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே ஒரு கட்டு இருக்கும். ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் தொழிலாளர் நிலைமையைச் சோதிக்கும் தணிக்கையாளராக வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள் போல. பெயரும் ஊரும் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் யாருக்குமே போடவில்லை.

2025-க்குள் உலகத்தில் குழந்தைத் தொழிலே இருக்காது என்று ஐ.நா. சொன்னதாகப் பள்ளியில் படித்தேன். என்ன ஆயிற்று?
– கல்லூரி மாணவி

நடக்கவில்லை, அம்மா. 2015-ல் ஐ.நா.வில் எல்லா நாடுகளும் சேர்ந்து ஏற்ற வளர்ச்சி இலக்குகளில் 8.7 என்ற எண்ணில் அந்த வாக்குறுதி இருக்கிறது. கெடு 2025. அந்த வருடம் ஜூன் மாதம் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து ஒரு கணக்கு வெளியிட்டன. 2024-ல் 13.8 கோடிப் பிள்ளைகள் வேலையில் இருந்தார்கள். அதில் 5.4 கோடிப் பேர் உடம்பையோ உயிரையோ கெடுக்கும் ஆபத்தான வேலையில்.

ஆனால் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2000-ல் இந்த எண்ணிக்கை 24.6 கோடி. பிறகு இறங்கிக்கொண்டே வந்து 2016-ல் 15.2 கோடி ஆனது. 2020 கணக்கில் திடீரென்று 16 கோடிக்கு ஏறியது. பலரும் பழியைக் கொரோனா மேல் போட்டார்கள். அது தவறு. அந்தக் கணக்கு 2020-ன் தொடக்கத்துக்கானது. நோய் உலகைச் சுற்றும் முன்பே எண்ணிக்கை ஏறிவிட்டது. ஏறியது சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில். இன்றைக்கும் உலகத்தின் குழந்தைத் தொழிலாளர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆசிய, பசிபிக் நாடுகளில் நான்கே வருடத்தில் 4.9 கோடி 2.8 கோடியாகக் குறைந்தது. ஆகவே குறைக்க முடியாத விஷயம் இல்லை இது. அடுத்த 5 வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் இப்போது போகும் வேகம் 11 மடங்காக வேண்டும் என்று அந்த அறிக்கையே சொல்கிறது. புதிய கெடு எதையாவது யாராவது அறிவித்தால் இந்த 11-ஐ ஞாபகம் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சின்ன வயதில் பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் கடையில் உட்காருவேன். நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதையும் குழந்தைத் தொழில் என்பீர்களா?
– சொந்தத் தொழில் செய்பவர்

எத்தனை வயதில், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று சொல்லவில்லையே! உலகக் கணக்கு இப்படிப் போகிறது: 5 முதல் 11 வயது வரை வாரத்துக்கு 1 மணி நேரம் வருமானத்துக்கான வேலை செய்தாலே கணக்கில் வரும். 12 முதல் 14 வரை என்றால் வாரத்துக்கு 14 மணி நேரம். 15 முதல் 17 வரை 43 மணி நேரம். ஆபத்தான வேலை என்றால் மணிக்கணக்கே கிடையாது, 18 வயது வரை கூடாது. இது புள்ளிவிவரத்துக்கான கோடு. உங்கள் அப்பாவை யாரும் கைது செய்யப் போவதில்லை.

இந்தக் கணக்கில் எனக்கு ஒரு குறை உண்டு. தம்பி தங்கையைத் தூக்கிச் சுமப்பது, தண்ணீர் சுமப்பது, சமைப்பது எல்லாம் 'வேலை' என்று வழக்கமான கணக்கில் வருவதில்லை. அதனால் பையன்கள்தான் அதிகம் உழைப்பதாகத் தெரியும். வாரத்துக்கு 21 மணி நேரத்துக்கு மேல் வீட்டு வேலை செய்பவர்களையும் சேர்த்தால் கணக்கு தலைகீழாகி, பெண் பிள்ளைகள் முந்திவிடுகிறார்கள். நீங்கள் கடையில் இருந்தபோது உங்கள் அக்கா எங்கே இருந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லா நாடும் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்கிறார்கள். பிறகும் ஏன் நடக்கிறது?
– பள்ளி ஆசிரியை

கையெழுத்து விஷயத்தில் குறையே இல்லை. 1999-ல் வந்த 182-ஆம் உடன்படிக்கை, குழந்தைத் தொழிலின் படுமோசமான வடிவங்களைத் தடை செய்கிறது: கொத்தடிமை, கடத்தல், பாலியல் தொழில், போரில் ஈடுபடுத்துவது, ஆபத்தான வேலை. 2020 ஆகஸ்ட் 4 அன்று டோங்கா ஒப்புதல் தந்ததோடு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 187 உறுப்பு நாடுகளும் அதை ஏற்றுவிட்டன. அந்த அமைப்பின் வரலாற்றில் இப்படி எல்லா நாடும் ஏற்ற முதல் உடன்படிக்கை அதுதான். குறைந்தபட்ச வயது பற்றிய 1973-ன் 138-ஆம் உடன்படிக்கைக்கு அந்தப் பாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.

சட்டம் எந்த வாசலில் போய் நிற்கும் என்பதுதான் சிக்கல், டீச்சர். இன்ஸ்பெக்டர் என்று ஒருவரை நியமித்தால் அவர் போவதற்குக் கதவும் பெயர்ப்பலகையும் உள்ள இடம் வேண்டும். இங்கிலாந்தில் 1833-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தபோது நாடு முழுவதற்கும் போட்ட இன்ஸ்பெக்டர்கள் 4 பேர். நான்கு பேரை வைத்துக்கொண்டும் ஏதோ நடந்தது. ஏனென்றால் புகைபோக்கி எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். இன்றைக்குக் குழந்தைத் தொழிலில் 61 சதவீதம் விவசாயத்தில். 2020 கணக்குப்படி 72 சதவீதம் சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே நடக்கிறது. அப்பாவின் வயலில் களை பிடுங்கும் பிள்ளைக்கு முதலாளி யார்? எந்த வாசலில் நோட்டீஸ் ஒட்டுவது? ஏற்றுமதிக்கான பொருளில் வேலை செய்யும் பிள்ளைகள் மொத்தத்தில் சின்னப் பங்குதான். நாம் செய்தியில் பார்ப்பது மட்டும் பெரும்பாலும் அவர்களைத்தான்.

தணிக்கைக்குப் போகும்போது பிள்ளையின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? எல்லோரும் 18 என்றுதானே சொல்வார்கள்?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்

18 என்று சொல்வார்கள், சரி. கேட்டு முடிக்கும் முன்பே சொல்வார்கள், அதுதான் முதல் துப்பு. "பிறந்த வருடம் என்ன?" என்றால் திணறல் வரும். சொல்லிக் கொடுத்தவர் வயதை மட்டும்தான் சொல்லிக் கொடுத்திருப்பார். நான் வயதையே கேட்க மாட்டேன். எத்தனையாவது வரை படித்தாய், எந்த வருடம் நின்றாய், அண்ணன் என்ன செய்கிறான், அவனுக்கும் உனக்கும் எத்தனை வயது வித்தியாசம் என்று பேச்சுக் கொடுப்பேன். நாலைந்து பதில் வந்ததும் கூட்டிக் கழித்தால் விடை தெரிந்துவிடும். காகிதம் என்றால் பிறப்புச் சான்றிதழை விடத் தடுப்பூசி அட்டை மேல்; அதைப் போலியாகத் தயாரிக்க யாருக்கும் தோன்றுவதில்லை. எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயது சொல்வதும் உண்டு. ஆனால் அதில் ஓரிரு வருடம் முன்னே பின்னே வரும். 13-க்கும் 15-க்கும் நடுவில் ஒரு பிள்ளையின் தலையெழுத்து நிற்கும்போது அந்த வித்தியாசம் போதாதா?

அப்புறம், ஆளைப் பார்க்கும் முன்பு அறையைப் பார்க்க வேண்டும். நாம் உள்ளே போகும்போது பிள்ளைகள் பின்வாசல் வழியாகப் போயிருப்பார்கள். ஆனால் அவசரத்தில் சாமான்களை மாற்ற மறந்துவிடுவார்கள். தையல் மிஷினின் மிதி மேல் ஒரு மரக்கட்டையை வைத்துக் கட்டியிருக்கும். கால் எட்டாதவருக்குத்தானே கட்டை? வெட்டும் மேசைக்கு முன்னால் ஏறி நிற்க ஒரு பெட்டி. நாற்காலியில் இரண்டு மூன்று துணி மூட்டைகளைப் போட்டு உயர்த்தியிருப்பார்கள். மேலாளர் உங்களுக்குப் பதிவேட்டைக் காட்டிக்கொண்டிருப்பார். பதிவேட்டில் எல்லோரும் பெரியவர்கள். மிதி மேல் கட்டியிருக்கிற கட்டை வேறு கதை சொல்லிக்கொண்டிருக்கும்.

இந்த வித்தைக்கு ஆதிகுரு என்றால் லூயிஸ் ஹைன். 1908 முதல் அமெரிக்காவின் தேசியக் குழந்தைத் தொழில் குழுவுக்காக நூற்பாலைகள், சுரங்கங்கள், மீன் பதப்படுத்தும் கொட்டகைகளில் படம் எடுத்தவர். உள்ளே விட மாட்டார்கள் என்பதால் பைபிள் விற்பவர், தீயணைப்புச் சோதனைக்காரர் என்று ஏதாவது வேஷம் போட்டுப் போவார். தன் கோட்டுக்குள் போடும் சட்டையின் ஒவ்வொரு பித்தானும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று அவருக்கு அத்துப்படி. பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் தலை எந்தப் பித்தானுக்கு வருகிறது என்று பார்த்து, பைக்குள் கையை விட்டபடியே உயரத்தைக் குறித்துக்கொள்வார். அறுந்த நூலை முடிச்சுப் போட, நூற்கும் இயந்திரத்தின் மேலேயே வெறுங்காலோடு ஏறி நிற்கும் பையன்களை அவர் எடுத்த படம் இன்றும் கிடைக்கிறது. பார்க்காதவர்கள் பாருங்கள்.

பெற்ற பிள்ளையை வேலைக்கு அனுப்ப எப்படித்தான் மனம் வருகிறதோ?
– இல்லத்தரசி

மனம் வந்து அனுப்புகிறவர்கள் ரொம்பக் குறைவு. கடன் வருகிறது, அனுப்புகிறார்கள். பாகிஸ்தானின் இக்பால் மசீஹ் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 4 வயதில் கம்பளத் தறியில் உட்கார வைக்கப்பட்டவன். காரணம், குடும்பம் வாங்கிய 600 ரூபாய் முன்பணம். வேலை செய்யச் செய்யக் கடன் குறைய வேண்டுமல்லவா? பழகும் காலத்துக்குச் சம்பளம் இல்லை, சாப்பாட்டுக்குப் பிடித்தம், தப்புக்கு அபராதம், நடுவில் இன்னொரு கடன் என்று ஏறிக்கொண்டே போனது. தப்பி வந்து, மேடைகளில் பேசி, மற்றப் பிள்ளைகளையும் வெளியே கொண்டுவந்தான். 1995 ஏப்ரல் 16 அன்று சுட்டுக் கொல்லப்பட்டான். அப்போது 12 வயது.

அந்த 600 ரூபாயை நியாயமான வட்டிக்குக் கொடுக்க ஒரு வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ பக்கத்தில் இருந்திருந்தால் தறிக்கார முதலாளிக்கு அந்த வீட்டில் என்ன வேலை? காய்ச்சல், மழை பொய்ப்பது, ஒரு சாவு, ஒரு கல்யாணம்: பிள்ளை வேலைக்குப் போன நாளை விசாரித்தால் அதற்கு முந்தைய மாதத்தில் இதில் ஒன்று இருக்கும். மெக்சிகோ 1997-ல் இதைப் புரிந்துகொண்டு ஒரு திட்டம் போட்டது. பிள்ளை பள்ளிக்கு ஒழுங்காகப் போனால் தாயின் கையில் பணம். வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறும், ஏனென்றால் பிள்ளை வளர வளர வெளியே கிடைக்கும் கூலியும் ஏறும். நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைக்கு ஆண் பிள்ளையை விட அதிகம். பிள்ளை வேலை குறைந்தது. பல நாடுகள் பின்னால் இதையே எடுத்துச் செய்தன.

உதவி என்று எதைக் கொடுத்தாலும் நல்லது நடக்கும் என்றும் நினைக்காதீர்கள். தொழில் கடன் கொடுத்து மாடு வாங்கச் சொன்ன இடங்களில் பிள்ளை வேலை கூடியிருக்கிறது. மாட்டை யாராவது மேய்க்க வேண்டுமே.

குழந்தைகள் செய்த பொருளை வாங்காமல் விட்டாலே போதும், எல்லாம் தானாக நின்றுவிடும் என்பது என் கட்சி. சரிதானே?
– மென்பொருள் பொறியாளர்

பங்களாதேஷில் நடந்ததைச் சொல்கிறேன், கட்சியில் இருப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். 1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் ஒரு மசோதா கொண்டுவந்தார். பிள்ளைகள் உழைப்பில் செய்த பொருள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்பது அதன் சாரம். மசோதா சட்டமாகவே இல்லை. ஆனால் பயம் போதுமாக இருந்தது. டாக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இருந்து 30,000 முதல் 50,000 பிள்ளைகள், பெரும்பாலும் பெண் பிள்ளைகள், வெளியேற்றப்பட்டார்கள். வெளியேற்றியவர்கள் தங்கள் தொழிற்சாலை சுத்தம் என்று வாங்குபவர்களிடம் காட்டிக்கொண்டார்கள். அந்தப் பிள்ளைகள் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்ததில், பலர் கல் உடைக்கவும் தெருவில் பிழைக்கவும் பாலியல் தொழிலுக்கும் போயிருந்தார்கள். 1997-ல் யுனிசெஃப் தன் ஆண்டறிக்கையிலேயே இதைப் பதிவு செய்தது.

பிள்ளைகளை வெளியேற்றிய பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். 1995 ஜூலை 4 அன்று ஆடை ஏற்றுமதியாளர் சங்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யுனிசெஃப் மூன்றும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பள்ளியில் இடம் தயாராகும் வரை எந்தப் பிள்ளையையும் நிறுத்தக்கூடாது. புதிதாகச் சேர்க்கவும் கூடாது. பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு மாதம் 300 டாக்கா (ஊர்ப் பெயர் இல்லை, அந்த நாட்டுப் பணம்). வீட்டில் தகுதியுள்ள பெரியவர் இருந்தால் பிள்ளையின் இடத்தில் அவருக்கு வேலை. 8,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்படி வகுப்பறைக்குப் போனார்கள். 300 டாக்கா என்பது அவர்கள் தொழிற்சாலையில் சம்பாதித்ததை விடக் குறைவுதான், அதனால் எல்லோரும் வரவில்லை. முதல் அலையில் துரத்தப்பட்டவர்களில் பலரை யாராலும் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

வரிசையைப் பாருங்கள். முதலில் பள்ளி, பணம், பெரியவருக்கு வேலை. அதற்கப்புறம்தான் பிள்ளையை நிறுத்துவது. இதைத் திருப்பிப் போட்டால் வாங்குபவரின் மனசாட்சி சுத்தமாகும், பிள்ளை வேறு தெருவுக்குப் போகும். பாகிஸ்தானின் சியால்கோட்டில் தைக்கும் கால்பந்துகளிலும் இதே சிக்கல்தான். 1997-ல் தைக்கும் வேலையை வீடுகளிலிருந்து எடுத்துக் கண்காணிக்கக்கூடிய மையங்களுக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் குறைந்தார்கள். வீட்டை விட்டு வெளியே போக முடியாத தாய்மார்களின் வருமானமும் போயிற்று. பிறகு பெண்களுக்கென்று தனி மையங்கள் திறக்க வேண்டியிருந்தது.

அப்படியானால் பகிஷ்காரத்தால் பிரயோஜனமே இல்லையா? எங்காவது ஜெயித்திருக்கிறதா?
– அதே பொறியாளர் இரண்டாவது கடிதத்தில் கேட்டது

விட மாட்டீர்கள் போலிருக்கிறது! ஜெயித்திருக்கிறது. உஸ்பெகிஸ்தானில்.

அங்கே பருத்தி அரசாங்கத்தின் பயிர். எந்த மாவட்டம் எத்தனை டன் கொடுக்க வேண்டும் என்று தலைநகரில் முடிவு செய்வார்கள். இலையுதிர் காலம் வந்ததும் பள்ளிகளை மூடிப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வயலுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொருவரும் நாளைக்கு இத்தனை கிலோ பறித்தாக வேண்டும். ஆசிரியரே மேற்பார்வை. குறைந்தால் தலைமையாசிரியர் மாவட்ட அதிகாரியிடம் திட்டு வாங்குவார். இதில் எங்கேயும் பிள்ளையின் அப்பாவோ வீட்டுக் கடனோ வரவில்லை பாருங்கள். அரசாங்கம் உத்தரவு போட்டது, பிள்ளை போனது.

அதனால் அடி சரியான இடத்தில் விழுந்தது. 330-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் உஸ்பெக் பருத்தியைத் தெரிந்து வாங்க மாட்டோம் என்று கையெழுத்திட்டன. உள்ளூர் ஆர்வலர்கள் கைது, மிரட்டல் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு வயல்களில் படம் எடுத்து வெளியே அனுப்பினார்கள். 2013 முதல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு அறுவடையைக் கண்காணித்தது. முதலில் சின்னப் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள், பிறகு பெரிய மாணவர்களை. 2017-ல் ஆசிரியர்களையும் மருத்துவ ஊழியர்களையும் வயலிலிருந்து திருப்பி அழைத்தார்கள். பறிப்பவருக்குக் கூலியைக் கூட்டினார்கள். கூலி கூடியதும் பெரியவர்கள் தாமாக வந்தார்கள். 2020-ல் பருத்தி ஒதுக்கீட்டு முறையே போயிற்று. 2022 மார்ச்சில் பகிஷ்காரம் முடிவுக்கு வந்தது.

ஆக, பிள்ளையை வேலைக்கு அனுப்பும் கை யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். அரசாங்கத்தின் கை என்றால் வாங்காமல் விடுவது வலிக்கும், அது கையை எடுக்கும். வறுமையின் கை என்றால் அதற்கு நம் பகிஷ்காரம் உறைக்காது.

சாக்லேட் நிறுவனங்கள் இருபது வருடமாகச் 'செய்கிறோம், செய்கிறோம்' என்கிறார்களே?
– பத்தாம் வகுப்பு மாணவர்

நல்ல ஞாபகம் தம்பி, உன் வயதை விடப் பழைய வாக்குறுதி அது. கோகோ தோட்டங்களில் பிள்ளைகளை மோசமான வேலைகளில் வைப்பதை நிறுத்த, 2001 செப்டம்பரில் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டன. 2005-க்குள் சரி செய்வோம் என்றார்கள். பிறகு 2008 என்றார்கள். 2010-ல் உட்கார்ந்து, 2020-க்குள் 70 சதவீதம் குறைப்போம் என்று இலக்கையே சின்னதாக்கினார்கள். 2020-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு நிறுவனம் ஒன்று எண்ணிப் பார்த்தது: கானா, கோட் டி ஐவரி இரண்டு நாடுகளின் கோகோ பகுதிகளில் 15.6 லட்சம் பிள்ளைகள் கோகோ வேலையில். உலகக் கோகோவில் ஏறக்குறைய 60 சதவீதம் இந்த இரண்டு நாடுகளில் விளைகிறது.

கோகோ காயை உடைப்பதைப் பார்த்தால் வேலையின் தன்மை புரியும். காயை ஒரு கையில் பிடித்து, மறு கையில் வெட்டுக்கத்தியால் ஓங்கி ஒரு போடு போட வேண்டும். கத்தி ஓட்டில் பதிந்ததும் ஒரு திருகு, காய் பிளந்துகொள்ளும். ஆழம் ஒரு அரை அங்குலம் கூடினால் போகப்போவது பிடித்திருக்கிற கையின் விரல். இதுபோக மூட்டை சுமப்பது, பூச்சிமருந்து அடிப்பது.

பெரும்பாலான பிள்ளைகள் வேலை செய்வது சொந்தக் குடும்பத்தின் சில ஏக்கர் தோட்டத்தில். அறுவடைக்கு ஆள் வைக்கக் கட்டுப்படியாகும் விலை விவசாயிக்குக் கிடைப்பதில்லை. இப்போது கிராமத்திலேயே ஒருவரைப் பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் போய் விசாரிக்க வைக்கும் முறை பரவியிருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன்: ஒழுங்காகத் தேடுகிற நிறுவனத்தின் அறிக்கையில் எண்ணிக்கை அதிகமாகத்தான் இருக்கும். "எங்கள் தோட்டங்களில் பூஜ்யம்" என்று எழுதியிருந்தால் அவர்கள் தேடவில்லை என்று அர்த்தம்.

மின்சாரக் கார் வாங்கலாமா? கோபால்ட் பற்றி ஏதேதோ சொல்கிறார்களே.
– கார் வாங்க இருப்பவர்

வாங்குங்கள். கார் பேட்டரிகளில் பயன்படும் உலோகம் கோபால்ட். உலகக் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோவிலிருந்து வருகிறது. பெரிய இயந்திரச் சுரங்கங்களின் பக்கத்திலேயே ஆட்கள் கையால் தோண்டும் குழிகளும் உண்டு, பிள்ளைகள் இருப்பது அங்கே. தாது பொறுக்குவது, ஓடையில் அலசுவது, சாக்கு சுமப்பது. 2016-ல் மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி இதை ஆவணப்படுத்தியதும் சில நிறுவனங்கள் கைக்குழிகளிலிருந்து வாங்குவதையே நிறுத்திக்கொண்டன. டாக்கா கதையை மேலே படித்தீர்கள் அல்லவா? காங்கோவில் அந்தக் குழிகளை நம்பித்தான் ஏராளமான பெரியவர்களும் பிழைக்கிறார்கள். குழிக்கு வேலி போட்டு, வாசலில் வயது பார்த்து, பெரியவருக்கு ஒழுங்கான விலை கொடுத்து வாங்குகிறீர்களா என்று கார் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

பணக்கார நாடுகளில் இந்தப் பிரச்சினை முடிந்துவிட்டதுதானே?
– வாசகர்

அமெரிக்கத் தொழிலாளர் துறை 2023 பிப்ரவரியில் ஒரு துப்புரவு நிறுவனத்துக்கு 15 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 8 மாநிலங்களில் 13 இறைச்சி ஆலைகளில் இரவு நேரத்தில் எலும்பு அறுக்கும் ரம்பங்களை ரசாயனம் போட்டுக் கழுவ 102 பிள்ளைகளை வைத்திருந்தது. 13 முதல் 17 வயது. குறைந்தது மூன்று பேருக்குக் காயம். அது சட்ட மீறல். சட்டப்படியே நடப்பதும் உண்டு: 1938-ல் வந்த அந்த நாட்டுச் சட்டம் விவசாயத்துக்குத் தனிச் சலுகை தந்தது. பெற்றோர் சம்மதித்தால் 12 வயதுப் பிள்ளை பள்ளி நேரம் போகப் பண்ணையில் கூலி வேலை செய்யலாம், மணிக்கணக்குக்கு உச்சவரம்பு இல்லை. புகையிலை வயலில் ஈர இலையைத் தொட்டால் நிகோட்டின் தோல் வழியாக ஏறி வாந்தியும் தலைசுற்றலும் வரும். அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். குழந்தை உரிமை உடன்படிக்கையை இன்னும் ஏற்காத ஒரே ஐ.நா. உறுப்பு நாடும் அதுதான்.

எப்படியும் வேலை செய்யத்தான் போகிறார்கள். சட்டபூர்வமாக்கிப் பாதுகாப்புக் கொடுத்தால் என்ன?
– சட்ட மாணவர்

பொலிவியா செய்து பார்த்தது. அங்கே வேலை செய்யும் பிள்ளைகளுக்கே ஒரு சங்கம் உண்டு. ஊர்வலம் போய் "எங்கள் வேலையைத் தடுக்காதீர்கள், எங்களைப் பாதுகாருங்கள்" என்று கேட்டார்கள். 2014-ல் சட்டம் வந்தது. சொந்தமாகத் தொழில் செய்ய 10 வயது, பிறரிடம் வேலை செய்ய 12 வயது, அதிகாரிகளின் அனுமதியோடு. 2017-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விதிவிலக்குகளை ரத்து செய்தது. பிறகு பழையபடி 14.

அந்தப் பிள்ளைகளின் கோரிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. போலீஸைக் கண்டால் ஓட வேண்டியிருக்கும் பிள்ளையிடம் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது சுலபம். ஆனாலும் நான் 14, 15 பக்கம்தான். தணிக்கையில் பார்த்த ஒரு விஷயம் இதற்குக் காரணம்: குறைந்தபட்ச வயது எதுவோ, அதற்கு இரண்டு வயது குறைந்த பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள். 15 என்றால் 13. 10 என்றால் எத்தனை? அவர்கள் கேட்ட பாதுகாப்பை, புகார் கொடுக்கும் உரிமையை, சம்பளப் பாக்கியை, வேலை சட்டவிரோதமாக இருக்கும்போதே கொடுக்க முடியும். அதற்கு வயதைக் குறைக்க வேண்டியதில்லை.

நோபல் பரிசு கொடுத்து என்ன மாறியது?
– விருதுகளில் நம்பிக்கை இல்லாதவர்

2014-ல் கைலாஷ் சத்யார்த்திக்கும் மலாலாவுக்கும் கொடுத்ததைக் கேட்கிறீர்கள். பரிசை விடுங்கள். குழந்தைத் தொழிலுக்கு எதிராக 1998 ஜனவரியில் மணிலாவில் கிளம்பிய ஒரு நடைப்பயணம் பல நாடுகளைத் தொட்டு ஜூனில் ஜெனீவா போய்ச் சேர்ந்தது. முன்னின்று நடத்தியவர்களில் சத்யார்த்தி ஒருவர். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாநாட்டு மண்டபத்தில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே, வேலை செய்த பிள்ளைகளே கோஷம் போட்டுக்கொண்டு நுழைந்தார்கள். அடுத்த வருடம் ஜூன் 17 அன்று, மேலே சொன்ன 182-ஆம் உடன்படிக்கை நிறைவேறியது.

பக்கத்துக் குடியிருப்பில் ஒரு சிறுமி வீட்டு வேலைக்கு இருக்கிறாள். 12 வயதுதான் இருக்கும். நான் என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வெளியிட விரும்பாதவர்

அந்த வீட்டுக்காரரிடம் நேரே போய்ச் சண்டை போடாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாக அவளை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் தேட முடியாது. வீடியோ எடுத்துப் போடுவதும் வேண்டாம், அவள் முகம் ஊரெல்லாம் சுற்றும். வீட்டு வேலை என்பது பூட்டிய கதவுக்குப் பின்னால் நடப்பது. இன்ஸ்பெக்டர் கண்ணில் படாது, அதனால் உங்கள் கண்ணுக்கு மதிப்பு அதிகம். எந்த நேரத்தில் வேலை செய்கிறாள், பள்ளிக்குப் போகிறாளா, அங்கேயே தங்குகிறாளா, அடி விழும் சத்தம் கேட்டதா என்று தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். மாடிப்படியில் பார்த்தால் சாதாரணமாகப் பேச்சுக் கொடுங்கள். "உன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அவளை வேலைக்கு அனுப்பியவர்களே அவள் சொந்த வீட்டில் இருக்கலாம்.

பல நாடுகளில் குழந்தைகள் உதவிக்கென்று இலவசத் தொலைபேசி எண் உண்டு. உங்கள் பெயரைச் சொல்லாமலே புகார் தரலாம். அவசரம் என்றால், அடி உதை என்றால், காத்திருக்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். பேசும்போது இரண்டு விஷயத்தைக் கேட்டு வாங்குங்கள்: அவளைக் கூட்டிப்போக வருபவர்களில் ஒரு பெண் அதிகாரி இருக்க வேண்டும், அவளுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கியைப் புகாரிலேயே எழுத வேண்டும். பெரும்பாலும் அந்தச் சம்பளம் அவள் கைக்கு வந்தே இருக்காது, யாரோ ஒரு தரகரிடம் போயிருக்கும். பிறகு கேட்டால் கணக்கே இல்லை என்பார்கள். நீங்கள் குறித்து வைத்த தேதிகள் அப்போது கைகொடுக்கும்.